கற்கண்டு டப்பா

என் இடது காது கடைசியாகக் கேட்ட சத்தம் எதுவென்று எனக்குத் தெரியும், தம்பி. எத்தனை பேருக்கு அப்படித் தெரியும்? ஒரு தகர டப்பாவின் மூடி. கட்டை விரலால் நெம்பினால் டொப் என்று திறக்குமே, அந்தச் சத்தம். அதை அடுத்து விழுந்த அறை ஸ்டூடியோவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. விளக்குப் பிடித்தவனுக்குக் கேட்டது. வெளியே காரில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவருக்குக்கூடக் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். வலது பக்கம். அங்கே இருந்து நீங்கள் என்ன பேசினாலும் நான் சிரித்துத் தலையாட்டுவேன், அவ்வளவுதான். பேட்டி எடுக்க வருகிற பிள்ளைகள் எல்லாம் இடது பக்கம்தான் உட்காருவார்கள். என் முகம் அந்தப் பக்கம்தான் அழகு என்று எவனோ ஒரு காமிராக்காரன் சொல்லி வைத்துவிட்டுப் போனான். அவர்கள் ஒன்று கேட்பார்கள், நான் ஒன்று சொல்வேன். அப்படியே அச்சாகிவிடும்.

ஆமாம், நான்தான். சௌந்தரவல்லிதான். பரவாயில்லை, எழுந்திருக்க வேண்டாம். உங்கள் அம்மா என் படம் பார்த்து அழுதார்களா? எல்லா அம்மாக்களும் அழுதார்கள். நான் அடி வாங்கினால் தமிழ்நாடு அழும். டாக்டர் என்னைக் கூப்பிட நேரமாகும் போலிருக்கிறது. நான் இந்தக் காது மிஷினைப் பார்க்கக் கொடுக்க வந்தேன். வலது காதும் இப்போது மெல்ல மெல்லப் போகிறது. வயதாகிவிட்டது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

உள்ளே உங்கள் வீட்டுக்காரியா? சோதனை அறைக்குள் போனதே, நீலப் புடவை, காதில் பஞ்சு? கதவு இடித்துவிட்டதா? சரி.

சரி, தம்பி. நீங்கள் சொன்னால் கதவுதான்.

நான் கம்பெனியில் சேர்ந்தவள். ஸ்ரீ குமரவேள் நாடக சபா என்றால் அந்தக் காலத்தில் கம்பம் முதல் காரைக்குடி வரை தெரியும். நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறது என்று என் வேலைக்காரப் பெண் சிரிப்பாள். கம்பெனிப் பழக்கம் அது. வாத்தியார் பொன்னுச்சாமி நாக்கைச் சூடு போட்டு வளர்த்தார். சூடு என்றால் சூடுதான், சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. லகரம் பிசகினால் கரண்டிக் காம்பு.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. நான் சேர்வதற்கு முன்னால், பாரதம் போட்டபோது, பீமனும் துச்சாதனனும் மேடையில் நிஜமாகவே அடித்துக்கொண்டார்களாம். திரை விழுந்த பிறகும் நிற்கவில்லை. கதாயுதத்தோடு சமையல் கொட்டகை வரைக்கும் துரத்திப் போய், துச்சாதனனுக்கு முன்பல் இரண்டும் போயிற்று, பீமனுக்கு மண்டையில் தையல். மறுநாள் வாத்தியார் ஒரு விதி போட்டார். மேடையில் யார் யாரை அடிக்க வேண்டுமோ, அவர் முதலில் அடி வாங்கப் போகிறவரின் கையில் ஒரு கற்கண்டைக் கொடுக்க வேண்டும். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எப்படி அடி விழுந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அடிக்கு ஒரு கற்கண்டு.

நல்ல விதி. யாரும் மீறியதில்லை.

'பொன்னுத்தாயின் பொறுமை' நாடகத்தில் எனக்குப் பொன்னுத்தாய் வேஷம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. புருஷனாக எஸ். வி. தாமோதரம். அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். என்ன உயரம், என்ன குரல்! இரண்டாம் அங்கத்தில் அவர் சந்தேகப்பட்டு என்னை அறைய வேண்டும். ஒத்திகையில் வாத்தியார் கொட்டகையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார். தாமோதரம் கற்கண்டு கொடுத்தார். நான் வாயில் போட்டேன். அறைந்தார்.

கடைசியிலிருந்து குரல் வந்தது. "கேக்கலை."

மறுபடி கற்கண்டு. மறுபடி அறை.

"கேக்கலைடா! இங்க உக்காரப்போறவன் காசு குடுத்திருக்கான். அவனுக்கு என்ன, ஓசியா காட்டுறோம்? போடு!"

கேட்கிற வரைக்கும் போட்டார். கடைசி அடியில் கடைவாயில் இருந்த கற்கண்டு உடைந்தது என்று நினைத்தேன். துப்பிப் பார்த்தால் பல். எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார் முன்னால் வந்து என் தலையில் கை வைத்தார். "இந்தப் புள்ள நிப்பா" என்றார். தம்பி, அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த பட்டங்களையும் பொன்னாடைகளையும் வைக்க வீட்டில் இடம் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

நின்றேன். ஊர் ஊராக நின்றேன். நோட்டீசில் என் பெயருக்கு மேலே 'புகழ்பெற்ற அறைக் காட்சி' என்று போட்டார்கள். ஜனங்கள் அந்த அறைக்காகவே வந்தார்கள். பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். விழுந்ததும் கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அந்த மூச்சு மேடையில் என் முகத்தில் வந்து படும். காற்று மாதிரி.

அவரையே கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்கிறீர்களா? தினமும் ஒரு மனிதர் மேடையோரம் இருட்டான பக்கத் தட்டி மறைவில் நின்று, உங்கள் உள்ளங்கையில் இனிப்பு வைத்து, "சம்மதமா?" என்று கண்ணால் கேட்டால், நீங்கள் வேறு யாரைக் கட்டுவீர்கள்? என் அப்பா என் அம்மாவிடம் ஒரு நாளும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை.

வீட்டில் முதல் தடவை அடித்தது போடியில். வாடகை அறை. ஆர்மோனியக்காரர் ஏதோ வேடிக்கை சொன்னார், நான் சிரித்துவிட்டேன். அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அடித்தார். செம்பால் அடித்தார், பிறகு கையால். நான் கீழே கிடந்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கற்கண்டு எங்கே?"

முகம் செத்துவிட்டது அவருக்கு. அப்படி ஒரு வெட்கத்தை நான் எந்த நடிகன் முகத்திலும் பார்த்ததில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தகர டப்பா வாங்கி வந்தார். ரோஜாப்பூ படம் போட்டது. நிறையக் கற்கண்டு. அதற்குப் பிறகு அந்த டப்பாவைத் திறக்காமல் அவர் என் மேல் கை வைத்ததில்லை. மரியாதை தெரிந்த மனிதர், தம்பி. நீங்கள் எத்தனை வீடுகளில் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?

டொப் என்று மூடி திறக்கும். நான் அடுப்படியில் இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். கையை நீட்டுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரருக்கு எம்புட்டு ஆசைக்கா, கையில இனிப்பு குடுத்துக்கிட்டே இருக்காரு" என்பார்கள். சொன்னால் புரியுமா? அவர்கள் கலைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இல்லையே.

ஒரே ஒரு நாள் டப்பா காலியாக இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை, வாங்கி வைத்திருக்க வேண்டும். அவர் திறந்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்கு உதைத்துவிட்டார். வயிற்றில் ஐந்து மாதம். போய்விட்டது. அவர் ரொம்ப அழுதார். "டப்பாவுல இல்லியே, வல்லி, டப்பாவுல இல்லியே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு நான் கற்கண்டு தீர விட்டதே இல்லை. மளிகைக்குச் சொல்லும்போது முதலில் அதைத்தான் சொல்வேன்.

உங்கள் மோதிரம் கனமான மோதிரம். புலி நகமா? கம்பெனியில் மோதிரத்தோடு மேடை ஏறினால் வாத்தியார் விரலையே வெட்டுவேன் என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா பார்த்தேன்.

அப்புறம் சினிமா. 'பொன்னுத்தாயின் பொறுமை'யை அப்படியே படமாக எடுத்தார்கள். சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோ. டைரக்டர் கோட்டுப் போட்டவர். முதல் நாளே அறைக் காட்சி. அவர் என்னிடம் வந்து, "அம்மா, இங்கே நிஜமாக அடிக்க வேண்டாம், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வோம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் வாங்கியதை இவர் பொய் என்கிறாரே என்று. தாமோதரம் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். "நாங்க கம்பெனிக்காரங்க சார். எங்களுக்குச் சேர்க்கிற சத்தமெல்லாம் வேணாம்" என்றார்.

டப்பா எங்களோடு வந்திருந்தது. முதல் டேக்கில் விளக்கு அணைந்துவிட்டது. அடுத்ததில் காமிரா நகர்ந்துவிட்டது. அப்புறம் என் கண்ணீர் சீக்கிரம் வந்துவிட்டது, அப்புறம் வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டொப், ஒரு கற்கண்டு, ஓர் அறை. வாய் முழுக்க இனிப்பும் ரத்தமும். டைரக்டர் "போதும், போதும்" என்கிறார். நான்தான் விடவில்லை. "இன்னும் கடைசி வரிசைக்குக் கேக்கலை சார்" என்றேன்.

அடுத்து மூடி திறந்தது. அதுதான் நான் சொன்ன சத்தம்.

உள்ளே ஏதோ கிழிந்தது. துணி கிழிகிற மாதிரிகூட இல்லை. ஈரக் காகிதம் கிழிகிற மாதிரி. கழுத்தில் சூடாக ஒன்று இறங்கியது. தாமோதரம் வசனம் பேசுகிறார், உதடு அசைகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் என் இடது பக்கம் நிற்கிறார். அடுத்த வசனம் என்னுடையது, எப்போது எடுப்பது? அதனால் தலையை இப்படிச் சாய்த்து, வலது காதை அவர் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் செய்தேன்.

"அதுதான்!" என்று கத்தினார் டைரக்டர். "அந்தத் தலை! அப்படியே வையுங்கள்!"

அந்தத் தலைதான், தம்பி. காலண்டரில் வந்த தலை. உங்கள் அம்மாகூடக் கண்ணாடி முன்னால் நின்று அப்படிச் சாய்த்துப் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், எல்லாப் பெண்களும் கழுத்து சுளுக்கியவர்கள் மாதிரி இருப்பார்கள். ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார், 'உலகத்தின் துயரத்தையெல்லாம் செவி சாய்த்துக் கேட்கிற முகம்' என்று. அவர் எழுதியதை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கேட்காததால்தான் சாய்த்தேன் என்று அவருக்கு எழுதிப் போடலாமா என்று நினைத்தேன். எதற்கு? நல்ல வாசகம்.

அதற்குப் பிறகு கணக்கு வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் படங்கள். முதலில் மனைவி, பிறகு அண்ணி, பிறகு அம்மா. தங்கைகள் சாகும்போது நான் பக்கத்தில் இருப்பேன், மகன்கள் சாகும்போதும் இருப்பேன். அவருக்குத்தான் சினிமா சரிப்படவில்லை. ஒரே படம். காமிரா முன்னால் அவர் குரல் பெரிதாக இருந்தது, கையும் பெரிதாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தார். டப்பா நிறையத் திறந்தது. நான் நிறையச் சம்பாதித்தேன்.

இப்போது நான் சொல்ல வந்தது அதுவல்ல. என் மனதில் இத்தனை வருஷமாக ஆறாமல் கிடப்பது வேறு ஒன்று. சகாயமேரி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எப்படிக் கேள்விப்படுவீர்கள், அவள் ஒன்றும் ஆகவில்லையே.

எனக்கு நாற்பது தாண்டிய பிறகு சொந்தமாக ஒரு நாடக மன்றம் தொடங்கினேன். அவருக்காகத்தான் தொடங்கினேன். 'பொன்னுத்தாயின் பொறுமை'யை மறுபடி போட்டோம். அவரே புருஷன், தலையில் விக். நான் மாமியார். பொன்னுத்தாய்க்கு ஒரு பெண் தேடியபோது திண்டுக்கல் பக்கத்திலிருந்து இவள் வந்தாள். பத்தொன்பது வயது. கண் இரண்டும் விளக்கு மாதிரி. வசனத்தை ஒரு தடவை கேட்டால் போதும், திருப்பிச் சொல்வாள். நான் பொறாமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் கலைஞனுக்கு அது தப்பில்லை.

ஒத்திகையில் அறையை வெறும் கைவீச்சாகத்தான் காட்டினோம். நிஜத்தை மேடைக்கு என்று வைத்திருந்தோம். திண்டுக்கல்லில் பொருட்காட்சி, முதல் நாடகம், கட்டுக்கடங்காத கூட்டம். பக்கத் தட்டியில் அவர் டப்பாவைத் திறந்தார். அதே ரோஜாப்பூ டப்பா, பூவெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கற்கண்டை நீட்டினார்.

"எனக்கு வேணாம் சார்" என்றாள்.

"இது வழக்கம்மா. வாங்கிக்கோ."

"எதுக்குன்னு அக்காங்க சொன்னாங்க சார். வேணாம். நீங்க கையை வீசுங்க, நான் கையைத் தட்டிக்கிட்டு விழுந்துடுறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

நான் சொன்னேன், "அடியே, கடைசி வரிசைக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சா தெரியட்டும் மேடம். எங்கப்பன் அடிச்சதுக்கே நான் வீட்டை விட்டு வந்தவ. இவரு யாரு?"

கேட்டீர்களா வார்த்தையை! இவரு யாரு!

மேடையில் அவர் கையை ஓங்கினார். பழைய ஓங்கல். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கை வந்தபோது அவள் குனிந்துவிட்டாள். சும்மா, கோழி குனிகிற மாதிரி. அவர் கை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அவரே ஒரு சுற்றுச் சுற்றி, விக் காதுப் பக்கம் நழுவிவிட்டது. ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷம் அழுத ஜனங்கள், தம்பி. முன் வரிசையில் ஒரு கிழவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அவர் எப்படியோ வசனத்தை முடித்துக்கொண்டு அவளை இழுத்தபடி உள்ளே போனார். மேடையில் நான் தனியாக நிற்கிறேன். மாமியாரின் நீண்ட வசனம். உள்ளேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு பெஞ்சு உருண்டது. அவள் தலை தட்டியில் மோதியது, தட்டி ஆடியது, வரைந்திருந்த மாளிகை ஆடியது. அவள் "அம்மா" என்றாள். "மேடம்" என்று கத்தினாள்.

நான் முப்பது வருஷம் மேடையில் நின்றவள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தலையை மெல்லச் சாய்த்தேன். வலது காதைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, இடது காதை உள்ளே திருப்பினேன். குரலை ஏற்றினேன். ஒரு வரிகூட விடவில்லை. அந்தத் தலையைப் பார்த்ததும் ஜனங்களுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது, கை தட்டினார்கள். இந்தக் காது எனக்கு உதவிய ஒரே நாள் அது.

அப்போது ஓர் அலறல். கூட்டத்தின் பக்கம் இருந்த வலது காதிலும் கேட்டது. அவள் குரல் இல்லை. அவர் குரல்.

அவள் கடித்துவிட்டாள். அவருடைய வலது கை, கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற அந்தச் சதையை. எலும்பு வரைக்கும். இரண்டு பேர் சேர்ந்து அவள் தாடையைப் பிரித்தார்களாம். பிறகு அவள் மேடை வழியாகவே வெளியே வந்தாள். நெற்றி உடைந்திருக்கிறது, வாய் முழுக்க ரத்தம், பாதி அவளுடையது, பாதி அவருடையது. என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, ரத்தத்தைத் துப்பினாள். என் காலடியில். அப்புறம் மேடையிலிருந்து குதித்து, ஜனங்களுக்கு நடுவில் நடந்து வெளியே போய்விட்டாள். நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அது அவளுக்குப் போயிற்று.

நரம்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்கு அந்தக் கை மூடாது, விரியாது. டப்பா மூடியை நெம்ப வராது. மேடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவரால் ஓர் அறைகூட ஒழுங்காக அறைய முடியவில்லை. ஒரு பெரிய கலைஞனின் கை, தம்பி! அவள் அழித்துவிட்டாள். இடது கையால் பழகிப் பார்த்தார், வரவில்லை. சில நாள் அவருக்காக நானே டப்பாவைத் திறந்து, கற்கண்டை எடுத்து, வாயில் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசி வரைக்கும் அப்படித்தான். போகும்போது என் மடியில் தலை வைத்துத்தான் போனார்.

நான் சும்மா விடவில்லை. நடிகர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். என் வார்த்தைக்கு அப்போது மதிப்பு இருந்தது. எந்த மன்றமும் அவளைச் சேர்க்கக் கூடாது, எந்தக் கம்பெனியும் கூப்பிடக் கூடாது என்று செய்தேன். அத்தோடு அவள் கதை முடிந்தது. அத்தனை ஞாபகசக்தி, அத்தனை கண். வீணாகப் போனாள்.

என்ன தம்பி, கையை மடிக்குள் வைத்துக்கொண்டீர்கள்? குளிர்கிறதா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அடித்தது வேறு. அதற்கு வாத்தியார் இருந்தார், விதி இருந்தது, சம்மதம் இருந்தது, கடைசி வரிசையில் காசு கொடுத்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்திருந்தது? கதவு இடித்தால் நெற்றியில் படும், மூக்கில் படும். காதுக்குள் கதவு போகாது. நான் விழுந்து விழுந்து பழகியவள், என்னிடம் கதவு என்று சொல்லாதீர்கள். அவரோடு உங்களை ஒப்பிடவே முடியாது. நீங்கள் வெறுமனே அடிக்கிறீர்கள்.

இதோ, வந்துவிட்டாள். வாம்மா. சீட்டை அவரிடம் கொடு, அவர் கீழே போய் மருந்து வாங்கி வரட்டும். போங்கள் தம்பி, கடையில் கூட்டமாக இருக்கும், மெதுவாக வாருங்கள்.

உட்கார். உனக்கு எந்தக் காது? இடதா? அடடா, எனக்கும் அதேதான். அப்படியானால் பக்கத்தில் உட்காராதே, நம் இரண்டு பேரில் ஒருத்திக்குக் கேட்காது. எதிரே உட்கார். நாற்காலியை இழுத்துக்கொள். இன்னும் கிட்டே.

நான் உன் வீட்டுக்காரரிடம் ஒருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், சகாயமேரி என்று. என் புருஷன் கையைக் கடித்துவிட்டு ஓடியவள். அவளைப் போன மாதம் பார்த்தேனம்மா. ஒட்டன்சத்திரத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள், அங்கே வந்திருந்தாள். நெற்றியில் தழும்பு இருக்கிறது, தலையெல்லாம் நரைத்துவிட்டது. நான்தான் அடையாளம் கண்டுகொண்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, எனக்கே கேட்காத குரலில், "மேரி" என்றேன். உடனே திரும்பிவிட்டாள்.

நடிகையாகவில்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கிறாள். தினமும் ஏலம் விடுவது அவள்தானாம். அவளுக்கு இரண்டு காதும் கேட்கிறது.